பின்னால் நின்ற பதினொரு பேர்

ஸ்டூடியோவின் கதவு வெளிப்பக்கம் இழுத்தால்தான் திறக்கும். "இழு" என்று நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தோம். நான்கையும் எழுதியவன் நான்தான். எழுபதுகளின் நடுவில், ஈப்போவில் ஒரு மழைநாள் மத்தியானம், அந்த நான்கு மொழிகளையும் மதிக்காமல் ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டே நின்றார்.

உள்ளிருந்து திறந்துவிட்டேன். மழைவாடையோடு ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் உள்ளே வந்தது.

பெயர் அஞ்சலை. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறவர். பீடோரில் பஸ் மாறி வந்திருந்தார். ரப்பர் செருப்பில் செம்மண். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள்.

"துரை ஊருக்குப் போறப்ப நீங்க வந்து படம் புடிச்சீங்கல்ல தம்பி? அதுல எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு, ஆம்பளைங்க பக்கம் ஓரத்துலருந்து மூணாவது ஆளு. அவர மட்டும் தனியா எடுத்துக் குடுங்க."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அஞ்சலை தாளை என் பக்கம் நகர்த்தினார். இறப்புப் பதிவுத் தாள். அதில் கோவிந்தன் என்று இருந்தது.

காற்றில் முறிந்த பால்மரக் கிளை அவர்மேல் விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் இல்லாமல், அவருடைய சட்டையை மடித்துப் பலகையில் வைத்து, சட்டைக்கு மாலை போட்டார்களாம். முப்பதாம் நாள் படையலுக்காவது முகம் வேண்டும்.

"வேற படமே இல்லையாக்கா? ஐசி?"

"செத்தத எழுதப் போனப்ப வாங்கி வச்சிக்கிட்டாங்க தம்பி. சட்டமாம்."

சட்டம்தான். இறந்தவரின் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும். ஆனால் ஒப்படைக்கும் முன்பு அதிலுள்ள படத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அட்டையை வாங்கிய கை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். நடைமுறை தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது இந்த நாட்டில் ஒரு தனித் திறமை.

கல்யாணப் படமும் இல்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய அன்று படமெடுக்க யாரும் வரவில்லை.

"சின்னவனுக்கு ஒன்றரை வயசு. சட்டையக் காட்டி அப்பான்னு சொல்லிக் குடுத்தேன். இப்பக் கொடியில காயிற எல்லாச் சட்டையும் அவனுக்கு அப்பாதான்."

அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உறைக்குள்

எங்கள் நெகட்டிவ் அலமாரி என் சாம்ராஜ்யம். ஊர், மாதம், வரிசை எண் என்று எல்லாம் என் கையெழுத்தில். "துரை பிரியாவிடை" என்ற உறையை எடுக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

உள்ளேயிருந்த நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். முன்வரிசையில் நாற்காலிகள். தோட்டத்துத் துரை, துரைசானி, கணக்கெழுதும் கிராணிமார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரே சிவப்பு. தோள்களையும் தொப்பியையும் துல்லியமாகச் சுற்றி வளைத்துக்கொண்டு, மேல்விளிம்பு வரைக்கும் சிவப்பு மை.

அந்தச் சிவப்புக்குள் கோவிந்தன் நின்றுகொண்டிருந்தார். அதைப் பூசியவன் நான். ஒன்றரை வருடத்துக்கு முன் பூசிவிட்டு, விளிம்பு எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

வெளியே வந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றேன். படம் இருக்கிறதா என்று அஞ்சலை கேட்டார். இருக்கிறது என்றேன். அரசாங்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் அப்படி முகத்தைப் பார்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று எனக்கும் அது சுலபமாகவே வந்தது.

ஒரே தாளுக்கு ஐந்து பெயர்

இங்கே அந்தத் தபால் கல்லூரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்தவன். ஸ்டூடியோவில் படங்களைத் திருத்திச் சுத்தம் செய்கிற வேலை. கைவேலை மட்டும் போதாது, முறையாகப் படிக்க வேண்டும் என்ற திமிர் எனக்கு இருந்தது. கடல் கடந்த ஒரு கல்லூரி, புகைப்படத் திருத்தக் கலையைப் பன்னிரண்டு புத்தகங்களில் தபாலில் கற்றுக்கொடுத்தது. சேர்ந்தேன்.

விஷயம் மிக எளிது. நெகட்டிவில் வேண்டாத இடத்தை மறைக்க, அதன்மேல் ஒரு தெளிந்த பிலிம் தாளை வைத்து ஓரத்தில் ஒட்டவேண்டும். மறைக்க வேண்டிய இடத்தில், அந்த மேல்தாளின்மீது சிவப்பு மை பூசவேண்டும். மை உள்ள இடத்தில் வெளிச்சம் புகாது. பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாக வரும். வேலை முடிந்ததும் மேல்தாளை எடுத்துவிடலாம். அடியிலிருக்கும் நெகட்டிவுக்கு ஒரு கீறலும் விழாது.

பாருங்கள், ஆறு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

கல்லூரி என்ன செய்தது? அந்த மேல்தாளுக்கு மூன்றாம் புத்தகத்தில் ஓவர்லே என்று பெயர் வைத்தது. நான்காம் புத்தகத்தில் அதுவே கவர் ஆனது. ஐந்தில் ஃபிளாப். ஆறில் லேயர். எட்டில் மாஸ்க். அந்த மாஸ்க்காவது மறைக்கிற பொருளாக இருந்ததா என்றால், ஒரு பக்கத்தில் மறைப்பது மாஸ்க், அடுத்த பக்கத்தில் மறைக்காமல் விட்ட ஓட்டைதான் மாஸ்க். ஒருவரே எழுதினாரா, ஐந்து பேர் எழுதி ஒருவரையொருவர் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினார்களா, தெரியாது. ஐந்து பேருக்கும் சம்பளம் சரியாகப் போயிருக்கும்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்றபின் கணினியில் படம் திருத்தக் கற்கலாம் என்று நானும் உட்கார்ந்தேன். வீடியோவில் பாடம் நடத்துகிறவர் குரல் தேன். முதல் நிமிடத்தில் லேயர் என்கிறார். இரண்டாம் நிமிடத்தில் லேயர் மாஸ்க். மூன்றாம் நிமிடத்தில் கிளிப்பிங் மாஸ்க், அது வேறாம். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும் என்கிறார். ஏன் என்று சொல்வதில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தித் தட்டையாக்கச் சொல்கிறார். சுலபம்தானே என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். தெரிந்தவனுக்கு எல்லாம் சுலபம்தான். தெரியாதவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று யோசித்துப் பார்ப்பதுதான் பாடம் எழுதுகிறவனின் வேலை. அந்த வேலையை ஐம்பது வருடமாக யாரும் செய்யவில்லை.

ஊற்றுகிறவனும் தின்கிறவனும்

நான் விழுந்த இடம் ஆறாம் புத்தகம். "மறைப்பு மையை முதலாவது லேயரின்மீது பூசுக" என்று அங்கே இருந்தது.

எது முதலாவது?

எங்கள் ஸ்டூடியோவில் அடியில் இருப்பதுதான் முதலாவது. முதலில் எதை வைக்கிறோமோ அது ஒன்று. அதன்மேல் வைப்பது இரண்டு. ஸ்டூடியோ முதலாளியான சீனரை நாங்கள் தவுக்கே என்போம். அவரும் அப்படித்தான் எண்ணுவார். எதிர்க்கடையில் குவே லாப்பிஸ் செய்கிற மலாய்க்கார அம்மாவான மக்சிக்கும் அதே கணக்குதான். சிவப்பு மாவை ஊற்றி வேகவைத்து, அதன்மேல் வெள்ளையை ஊற்றி, மறுபடி சிவப்பு. அடுக்கடுக்காக வேகும் அந்தப் பலகாரத்தில் அடித்தட்டுதான் முதல் லாப்பிஸ். பேராக் மாநிலத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கல்லூரிக்காரர்கள் மேலிருந்து கீழே எண்ணியிருக்கிறார்கள். அது எங்கும் எழுதப்படவில்லை. பதினோராம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. குவே லாப்பிஸைத் தின்கிறவன் மேலேயிருந்து ஒவ்வொரு தட்டாக உரித்துத் தின்பான். அவனுக்கு மேல்தட்டுதான் முதலாவது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் தின்கிறவர். நாங்கள் ஊற்றுகிறவர்கள்.

ஆகவே முதலாவது லேயர் என்றதும், மேல்தாளை ஒதுக்கிவிட்டு நெகட்டிவின் மேலேயே பூசினேன். நெகட்டிவ் ஒன்றுதான். இன்னொரு பிரதி கிடையாது.

பெலாக்காங்

அந்தப் படத்தை எடுத்தது தோட்டத்துப் பெரட்டுக் களத்தில். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற அதே இடம். துரை ஊருக்குத் திரும்பிப் போகிறார், பிரியாவிடைப் படம். தொழிலாளர்களும் இருக்கட்டும் என்று துரை பெரிய மனது பண்ணியதால், பாலை எடைபோட்டுவிட்டு வந்தவர்களில் பதினொரு பேரைப் பின்னால் நிறுத்தினார்கள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். தவுக்கே கேமராவுக்குப் பின்னால். நெருங்கி நில்லுங்கள் என்று கத்தியது நான். நெருங்குவதற்காக ஒருவர் பக்கத்து ஆளின் தோளில் கை போட்டார். கையை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார். கிளிக் ஆகிற நேரத்தில் மறுபடி போட்டுவிட்டார்.

பிறகு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் போதும், பின்னணி வெள்ளையாக இருக்கட்டும் என்று.

தவுக்கே கடிதத்தைப் படித்துவிட்டு, "பெலாக்காங் புவாங் லா" என்றார். பின்னால் இருப்பதைத் தூக்கிப் போடு என்று அர்த்தம். என் புத்தகமும் அதையே நாகரிகமான ஆங்கிலத்தில் சொன்னது: முக்கிய உருவம் அல்லாத யாவும் பின்னணி, அதை நீக்குக.

நீக்கினேன். யாரை நீக்குகிறோம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பார்க்கும்படி பாடத்தில் இல்லை.

மச்சினன் கோட்டு

அஞ்சலை போனபிறகு தவுக்கேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, அதற்கென்ன, கோட்டு இருக்கிறதே என்றார்.

இந்தக் கோட்டைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்குக் காது சூடாகிறது. எங்களிடம் தலையில்லாத ஓர் உடம்பின் நெகட்டிவ் இருந்தது. கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை, பையில் ஒரு பேனா. தவுக்கேயின் மச்சினன் ஒருநாள் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. தோட்டத்தில் யார் இறந்தாலும், கசங்கிய ஏதோ ஒரு படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, இந்த உடம்பில் பொருத்திக் கொடுப்போம். சட்டை பட்டனே போடாத மனிதர்கள் செத்ததும் பேனா வைத்துக்கொண்டார்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் வரை எத்தனை வீட்டுச் சுவரில் மாலைக்குக் கீழே அதே கோட்டு தொங்கியது என்று கணக்கில்லை. தவுக்கேயின் மச்சினன் ஈப்போவில் உயிரோடு மாஜோங் ஆடிக்கொண்டே பேராக் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தார்.

கோட்டு இருக்கிறது, முகம் இல்லையே என்றேன்.

தவுக்கே எங்கள் தமிழை நன்றாகவே பேசுவார். "வேற படத்துல ஒரு மூஞ்சி எடு மச்சான். அதே வயசு. கொஞ்சம் இருட்டா பிரிண்ட் போடு. அழுவுற ஆளு சரியா பாக்க மாட்டாங்க லா."

அவர் கெட்டவர் அல்ல. அதனால்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. ஒரு பெண் பீடோரில் பஸ் மாறி வந்து புருஷன் முகத்தைக் கேட்கிறார். ஆறுதலாக ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். எந்த முகம் என்பது அவருக்கு ஒரு சின்ன விவரம். அந்தச் சின்னப்பையன் வேறு யாரோ ஒருவரைப் பார்த்து அப்பா என்று நினைத்தே வளர்ந்துவிடுவான். சட்டையே தேவலை. அதுவாவது அவருடைய சட்டை.

முடியாது என்றேன். தவுக்கே தோளைக் குலுக்கினார். அலமாரிச் சாவியை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

பளபளப்பான பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டூடியோவுக்கு விடுமுறை. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஐந்தடி நடைபாதையில் பேசிக்கொண்டே போனார்கள். நான் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு விளக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நின்றது. பிலிமுக்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். உருவம் இருப்பது மங்கலான பக்கத்தில், மிக மெல்லிய பசையில். ஈரம் பட்டால் ஊறும், தொட்டால் வழிந்துவிடும். சிவப்பு மையைத் தண்ணீரால் கழுவிவிடலாம். ஆனால் அது மங்கலான பக்கத்தில் இருந்தால், கழுவும்போது முகங்களும் சேர்ந்து போய்விடும்.

நான் எந்தப் பக்கத்தில் பூசினேன்? ஞாபகம் இல்லை. நான்காம் புத்தகம் "உட்பக்கம்" என்றது, ஆறாம் புத்தகம் "பின்பக்கம்" என்றது. எது உள், எது பின் என்று அவர்கள் சொல்லவில்லை.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். மை பளபளப்பான பக்கத்தில் இருந்தது.

என்னைக் காப்பாற்றியது படிப்பு அல்ல. மங்கலான பக்கத்தில் ஈரப் பிரஷ் பட்டால் விரலை உடைப்பேன் என்று தவுக்கே முதல் வாரமே சொல்லியிருந்தார். அந்த ஒரு விதியை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்ல. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் வைத்திருந்தார். அது கெட்ட வார்த்தை. ஆகவே குழப்பமே வரவில்லை.

பஞ்சைக் குச்சியில் சுற்றி, நனைத்து, பிழிந்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக எடுத்தேன். ஒவ்வொரு முகமும் பச்சைப்பயறு அளவு. நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகும். எல்லோருக்கும் நரைத்த தலை. மூன்றாவது ஆளைத் துடைத்தபோது அவர் தோளில் ஒரு கை வந்தது. எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்ன கை. கோவிந்தன் அவர்தான். நரைத்த தலையோடு நேரே என்னைப் பார்த்தார். அவருக்கு இனி நரைக்கப்போவதில்லை.

நான்கு, ஐந்து, ஆறு. பெண்கள் பக்கம் போனேன். வேலை ஓடியது. நன்றாகச் செய்கிறோம் என்ற நினைப்பு வந்தது. எனக்கு அந்த நினைப்பு வந்த இடமெல்லாம் விளங்கியதில்லை. பதினோராவது உருவம் பிலிமின் வலது ஓரத்தில் நின்றது. பஞ்சில் தண்ணீர் கூடிவிட்டது. ஓரம் வழியாக அடிப்பக்கத்துக்கு ஓடியது. தடுக்கிற அவசரத்தில் நெகட்டிவைத் தூக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

விரலை எடுத்தபோது அந்த முகம் என் விரலில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை

அன்று அஞ்சலை கதவைச் சரியாக இழுத்துத் திறந்துகொண்டு வந்தார்.

கோவிந்தனின் படத்தை நான் கோட்டில்லாமல் எடுத்திருந்தேன். முகம், கழுத்து, வெள்ளைச் சட்டை, தோளில் அந்தக் கை. கையை மறைத்த பிரிண்ட் ஒன்று, மறைக்காத பிரிண்ட் ஒன்று. இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கை இருக்கிற படத்தை எடுத்துக்கொண்டார்.

"இது அந்தோணிசாமி அண்ணன் கை. கிளை விழுந்தப்ப இவர இழுத்தது அவருதான். இருக்கட்டும் தம்பி."

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் பெரிய பிரிண்டையும் எடுத்து வந்தேன், பின்வரிசை முழுக்க இருந்த பிரிண்ட். மை பூசியது, கழுவியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

"எங்கள எதுக்குத் தம்பி மறைச்சீங்க?"

"பேக்கிரவுண்ட எடுக்கச் சொன்னாங்கக்கா."

"அப்படின்னா?"

முக்கிய உருவம் அல்லாத யாவும் என்ற வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் இருப்பது என்று சொன்னேன்.

"பின்னால நின்னது நாங்கதானே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. விவரம் சரிபார்ப்பது போலக் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு பிரிண்டில் வலது ஓரத்துக்கு விரல் போனது. அங்கே சேலை இருந்தது, கோத்த கைகள் இருந்தன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வளைவளைவாக ரேகைகள் இருந்தன. கழுவும்போது என் தவறால் போய்விட்டது, அது யார் என்றுகூடத் தெரியவில்லை என்றேன்.

"அது நான்தான்" என்றார்.

தெருவில் சைக்கிள் மணிகள் கேட்டன. இப்போதே ஒரு படம் எடுக்கிறேன், உட்காருங்கள் என்று உளறினேன்.

"இப்ப வேணாம். அதுல பொட்டு வச்சிருந்தேன்." படத்தைத் திருப்பி வைத்தார். "விடுங்க தம்பி. என் மூஞ்சிய சின்னவன் தினம் பாக்கிறான்லா. தேடுனது அவரத்தானே."

தோட்டத்து ஆட்களுக்கும் ஆளுக்கொரு படம் வேண்டும் என்று கேட்டார். துரை வேண்டாம், நாங்கள் மட்டும் போதும் என்றார். செய்கிறேன் என்றேன். உறையின்மேல் எழுத யார் யார் என்று கேட்டேன். இடப்பக்கத்திலிருந்து விரல் வைத்துச் சொன்னார், வேலு, அந்தோணிசாமி. மூன்றாவது ஆளிடம் விரல் நின்றது.

"இவரு பேருதான் உங்களுக்குத் தெரியுமே. எழுதிக்குங்க."

புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழக்கம். தாள் கேட்டேன். பைக்குள் இருந்த பையிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுத்தார். பார்த்து எழுதினேன். அதற்குப்பின் மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போய், கடைசியாகத் தன் பெயரையும் சொன்னார். "துரை பிரியாவிடை" என்பதை அடித்துவிட்டு உறையில் பதினொரு பெயர் எழுதினேன்.

பன்னிரண்டாம் புத்தகம்

அந்த வாரமே வேலையை ஆரம்பித்தேன். இந்தமுறை மேல்தாளை வைத்து, மேல்தாளில் பூசினேன். துரையை, துரைசானியை, தொப்பியை, கிராணிமார்களை, நாற்காலிக் கால்களை. விளிம்பு சுத்தமாக வந்தது. பிரிண்டில் முன்வரிசை முழுக்க வெள்ளை. பதினொரு பேரும் இடுப்பளவு பாலில் நிற்பது போல இருந்தார்கள். தவுக்கே அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்று மட்டும் சொன்னார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிற்பாடு தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போய், பால்மரம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி, பதினொரு பேரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். பல வருடம் கழித்துக்கூட யாராவது வந்து, படம் கறையான் தின்றுவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று கேட்பார்கள். உறையை எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது.

கல்லூரியின் பன்னிரண்டாம் புத்தகம் இறுதிப் பரீட்சை. மறைப்பு முறையில் ஒரு படம் செய்து, ஒரு படிவத்தில் "லேயர்கள் ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாக எழுதி" அனுப்ப வேண்டும். தேறினால் முத்திரை வைத்த சான்றிதழ். எனக்கு அந்தச் சான்றிதழ் மிகவும் வேண்டியிருந்தது. மாட்டுவதற்கு ஆணிகூட அடித்து வைத்திருந்தேன்.

கையிலிருந்த நல்ல வேலை அந்தப் பின்வரிசைப் படம்தான். அதையே அனுப்பினேன். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஓவர்லேயா, கவரா, ஃபிளாப்பா, லேயரா, மாஸ்க்கா? மேலிருந்தா, கீழிருந்தா? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஐந்து பெயரும் எனக்குத் தெரியும். எதை எழுதினால் மதிப்பெண் வரும் என்றும் அதற்குள் ஊகித்திருந்தேன்.

உறையைப் பார்த்து, இடப்பக்கத்திலிருந்து அந்தப் பதினொரு பெயரையும் எழுதினேன். படிவத்தில் பத்துக் கோடுதான் இருந்தது. பதினோராவதற்கு நானே ஒரு கோடு போட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் மூன்று குறிப்புகள். முக்கிய உருவம் நீக்கப்பட்டு, பின்னணி மட்டும் விடப்பட்டுள்ளது. வலது ஓரத்தில் விரல் ரேகை. லேயர்களின் பெயர்கள் யாவும் தவறு. திருத்தி மீண்டும் அனுப்பவும்.

ரேகைக்குப் பதில் கிடையாது. மற்றதைத் திருத்தி அனுப்பவில்லை. ஆணியில் காலண்டர் மாட்டினேன்.

பெயர்கள் தவறு அல்ல. பத்துப் பெயரை அஞ்சலை சொல்ல எழுதினேன். ஒன்றைத் தாளைப் பார்த்து எழுதினேன்.